அடுப்படியில் காந்தும் முகம்: மாநிறத் தோலில் ரோசேசியா, ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 43 வயதுப் பெண். கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் கணவரோடு சேர்ந்து டிபன் கடை நடத்துகிறார். விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்தால் பதினோரு மணி வரை தோசைக்கல் முன்னால் நிற்பவர் அவர்தான். மாலையில் மறுபடி மூன்று மணி நேரம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தினசரி மாத்திரை எதுவும் இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது.

வந்த குறையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "மூஞ்சியெல்லாம் காந்துதுங்க. மொளகாப்பொடி அப்புன மாதிரி இருக்குது. பருவுக்குன்னு என்னென்னமோ போட்டுப் பாத்தாச்சு, அடங்கவே மாட்டேங்குது."

நிறம் நல்ல மாநிறம். எட்ட இருந்து பார்த்தால் கன்னங்களும் மூக்கும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கருத்து, லேசாக மினுங்கின. மோவாயில் நாலைந்து கட்டிகள், அவற்றுக்கு நடுவே பழைய கட்டிகள் விட்டுப்போன கரும்புள்ளிகள். சிவப்பு என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. முகத்தின் நடுப்பகுதி சிவந்து காந்தி, கட்டிகளும் வரும் நீண்டகாலத் தோல் அழற்சிதான் ரோசேசியா. அதை நம் ஊரில் தவறவிடுவதற்கு இது ஒன்றே போதும். பாடநூலில் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் செக்கச் சிவந்த வெள்ளைக்கார முகங்களாகவே இருக்கும். அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு, கருநிறம் தரும் மெலனின் நிறைந்த தோலில் நோய் தென்படாது. உலகெங்கும் வயதுவந்தோரில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கு. கருத்த தோலில் குறைவாகப் பதிவாகிறது. அந்தக் குறைவில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு நாம் கண்டுபிடிக்காமல் விட்டது என்பது வேறு விஷயம்.

ஐந்து வருடக் கதை

38 வயதில் தொடங்கியிருக்கிறது. அடுப்பு முன்னால் நிற்கும்போது, வெயிலில் சந்தைக்குப் போய் வந்தால், சூடாகக் காபி குடித்தால் முகம் திடீரென்று கொதிக்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தணிந்துவிடும். வியர்வை இருக்காது. வீட்டில் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். இளநீர், வெந்தயம், வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல் என்று இரண்டு வருடம் ஓடியது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சூடு பட்டால் வருகிறது, குளிர்ந்தால் போகிறது என்றால் நம் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்?

40 வயதில் கண்ணிமையில் கட்டி. ஒன்று ஆறினால் அடுத்த கண்ணில் இன்னொன்று. கண்கட்டிதானே என்று நாமக்கட்டியை உரைத்துப் போட்டிருக்கிறார். கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல் எப்போதும் இருந்தது. புகை என்று நினைத்துக்கொண்டார். இதை அவராகச் சொல்லவில்லை. முகத்துக்கு வந்த இடத்தில் கண்ணைப் பற்றி யார் பேசுவார்கள்? கேட்ட பிறகுதான் வந்தது.

41 வயதில் கன்னத்திலும் மோவாயிலும் கட்டிகள். இப்போது பெயர் பரு. பென்சாயில் பெராக்சைடு ஜெல் போட்டதும் முகம் தீயாய் எரிந்தது, விட்டுவிட்டார். பார்லரில் முகத்துக்கு ஆவி பிடித்து ஸ்கிரப் போட்டார்கள்; அன்றிரவு தூங்கவில்லை. எலுமிச்சைச் சாறு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள் எல்லாமும் நடந்தன. கட்டி வந்த இடமெல்லாம் கருக்கத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து மங்கு என்றார். தான் போடும் கிரீமின் பெயரையும் கொடுத்தார். மெடிக்கலில் சீட்டு கேட்கவில்லை.

அந்த டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றும் கலந்தது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனதாம், எரிச்சலும் அடங்கியதாம். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும். அந்தப் பளபளப்பின் ரகசியம் அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் போடாவிட்டாலும் முகம் வீங்கிக் காந்தியது. போட்டால் அடங்கியது. இப்படியே ஒன்றரை வருடம்.

இந்தப் பழக்கம் இவர் ஒருவரோடு நிற்கவில்லை. இந்தியாவில் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கடைக் கவுன்ட்டரில் அதற்கு இன்றும் என்ன மரியாதை என்பதற்கு இந்த டியூபே சாட்சி.

எங்களிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு வேறொரு மருத்துவர் கன்னத் தடிப்பைப் பார்த்து, நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் இருக்குமோ என்று அதற்கான ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். நெகட்டிவ். நியாயமான சந்தேகம்தான், பின்னால் வருகிறேன்.

கண்ணுக்கு முன் கை

முகத்தைக் கழுவி, துடைத்து, பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்த பிறகு ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தேன். ட்யூப்லைட் இதற்கு உதவாது. புறங்கையைக் கன்னத்தில் வைத்தால் கழுத்தைவிடத் தெளிவான சூடு. நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லைக் கன்னத்தில் அழுத்தினால் அழுத்திய இடம் வெளிறியது. எடுத்ததும் ஒரு மங்கிய செம்பழுப்பு திரும்ப ஊறிப் பரவியது. காதுக்குப் பின்னால் உள்ள தோலில் அதே சில்லை அழுத்தியபோது அப்படி ஒரு மாற்றமும் இல்லை. மாநிற முகத்தில் சிவப்பு இருக்கிறதா என்று அறிய இந்த ஒப்பீட்டைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. செலவும் இல்லை.

அடுத்தது பரவியிருந்த விதம். இரு கன்னங்களின் மேடு, மூக்கு, மோவாய், நெற்றியின் நடுப்பகுதி. கண்ணைச் சுற்றிய தோல் தப்பியிருந்தது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வழியே பார்த்தபோது கன்னத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பல கோணக் கட்டங்களாகப் பின்னிக் கிடந்தன. ரோசேசியாவில் அடிக்கடி காணப்படும் பின்னல் இது. மூக்கின் இரு ஓரங்களிலும் சில குழாய்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன.

கட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிறிய தடிப்புகள், ஒன்றிரண்டில் சீழ் முனை. நான் தேடியது கருமுள்ளும் வெண்முள்ளும் (பிளாக்ஹெட், ஒயிட்ஹெட்). பருவில் எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்து உண்டாகும் அந்த முள் இல்லாமல் இருக்காது. இவர் முகத்தில், மூக்கின் மேல்கூட, ஒன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர் பரு என்று வந்து, முகத்தில் ஒரு முள்கூட இல்லை என்றால் அந்தப் பெயரை அங்கேயே சந்தேகிக்க வேண்டும்.

இமையை இழுத்துப் பார்த்தால் விளிம்பில் செந்நிற இழைகள். இமைமயிர்களின் அடியில் மெழுகுக் குழல் போல உருண்டு ஒட்டிய செதில். அந்தச் செதில் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணியின் அடையாளம். கன்னத்தில் சுரண்டி எடுத்ததில் கே.ஓ.எச். கரைசல் விட்டு நுண்ணோக்கியில் வைத்தபோதும் அவை நிறையவே இருந்தன. டெமோடெக்ஸ் எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களுக்குள் குடியிருப்பதுதான். ரோசேசியாக்காரர்களிடம் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. ஸ்டீராய்டு பூசினாலும் பெருகும். ஆகவே இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது.

கிரீம் செய்ததா, முன்பே இருந்ததா?

இந்த நிகழ்வில் உண்மையான சிக்கல் இங்கேதான். ஒன்றரை வருடம் ஸ்டீராய்டு பூசிய முகத்தில் சூடு, எரிச்சல், குழாய்கள், சீழ்க்கட்டி எல்லாமே ஸ்டீராய்டாலேயே வரலாம். அப்படியானால் கிரீமை நிறுத்தினால் சில மாதங்களில் எல்லாம் அடங்கிவிடும். நீண்டகால நோய் என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை. முன்பே ரோசேசியா இருந்து அதன்மேல் கிரீம் சேர்ந்திருந்தால் பேச வேண்டிய பேச்சே வேறு.

தீர்த்துவைத்தது கால வரிசை. முகம் கொதிப்பது கிரீமுக்கு மூன்று வருடத்துக்கு மேல் முந்தியது. கண்கட்டி ஒரு வருடத்துக்கு மேல் முந்தியது. கன்னத்தில் பூசிய கிரீம் அதற்கு முந்திய வருடத்துக் கண்கட்டிக்குக் காரணமாக முடியாது. ரோசேசியா உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கண்ணிலும் ஏதாவது ஓர் அறிகுறி இருக்கிறது. சிலருக்குத் தோலுக்கு முன்பே கண்ணில் வந்துவிடுகிறது. கண்கட்டியைக் கண் டாக்டரும் முகக்கட்டியைத் தோல் டாக்டரும் தனித்தனியாகப் பார்க்கும்வரை இரண்டும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றாது. ஸ்டீராய்டு சேதமும் சேர்ந்திருக்கிறது என்பதற்கு மேலுதட்டிலும் கன்ன ஓரத்திலும் புதிதாக முளைத்திருந்த மெல்லிய ரோமமும், விரலில் பிடித்தால் காகிதமாக மடிந்த தோலும் அடையாளம். ஆக, பழைய ரோசேசியா, அதன்மேல் ஸ்டீராய்டு.

2002-இல் அமெரிக்க நேஷனல் ரோசேசியா சொசைட்டியின் நிபுணர் குழு இந்த நோயை நான்கு உபவகைகளாகப் பிரித்தது: சிவப்பும் குழாய்களும், கட்டியும் சீழும், தடித்த மூக்கு, கண். நோயாளிகள் அந்தப் பெட்டிகளுக்குள் ஒழுங்காக அடங்கவில்லை. 2017-இல் அதை மாற்றி, ஒவ்வொருவரிடமும் என்னென்ன அறிகுறி இருக்கிறது என்று எண்ணும் முறைக்கு வந்தார்கள். முகத்தின் நடுப்பகுதியில் நிலைத்துவிட்ட சிவப்போ, தோல் தடித்த மூக்கோ இருந்தால் அது ஒன்றே போதும். இல்லையென்றால் திடீர்க் கொதிப்பு, கட்டிகள், தெரியும் குழாய்கள், கண் அறிகுறிகள் ஆகிய பெரிய அறிகுறிகளில் குறைந்தது இரண்டு வேண்டும். எரிச்சல், சுள்ளென்ற குத்தல், வறட்சி, வீக்கம் ஆகியவை துணைக்கு. மாநிறக்காரர்களுக்கு இந்த மாற்றம் பெரிய உபகாரம். நிலைத்த சிவப்பைப் பற்றி நமக்குச் சந்தேகம் இருந்தாலும் பெரிய அறிகுறிகளை வைத்து முடிவுக்கு வரலாம். இவரிடம் நான்கும் இருந்தன.

வேறு எதுவாக இருக்கலாம்

லூபஸ் கன்னத் தடிப்பும் மூக்குப் பாலத்தைத் தாண்டி இரு கன்னங்களில்தான் உட்காரும். ஆனால் மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பை அது விட்டுவிடும், சீழ்க்கட்டியும் வராது. இவருக்கு மடிப்பிலும் செம்பழுப்பு இருந்தது. மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல் இல்லை. ஏ.என்.ஏ.வும் ஏற்கெனவே நெகட்டிவ்.

பொடுகுத் தோலழற்சி என்றால் புருவத்திலும் மூக்கு மடிப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கான மஞ்சள் செதில் இருக்கும், தலையிலும் இருக்கும். இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்துக் கொதிப்பு வியர்வையோடு வரும், நெஞ்சு கழுத்தெல்லாம் பரவும், இரவில் எழுப்பும். இவருடையது வறண்ட கொதிப்பு, முகத்தோடு நின்றது. தொழுநோயை நான் எந்த முகத்தடிப்பிலும் மறப்பதில்லை. காது மடல் தடிக்கவில்லை, உணர்ச்சி குறையவில்லை, நரம்புகள் தடிக்கவில்லை. மங்கு மட்டும் ஓரளவு உண்மை: கன்ன எலும்பின் மேல் இருந்த பழுப்பில் ஒரு பகுதி கண்ணாடி அழுத்தத்துக்கு அசையவில்லை. ஒரு முகத்தில் இரண்டு நோய் இருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே.

சிகிச்சையும் அடுப்பும்

முதல் வேலை கிரீமை நிறுத்துவது. ஒரேயடியாக நிறுத்தினால் முகம் வெடித்துவிடும். பயந்து மறுபடி அதையே பூசுவார். வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம் என்று படியிறக்கினோம். நடுவில் சில வாரம் இப்போதிருப்பதைவிட மோசமாகும் என்று அவரிடமும் கணவரிடமும் முன்கூட்டியே சொன்னோம். மருந்தைவிட இந்தப் பேச்சு முக்கியம்.

டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, எட்டு வாரம். இங்கே அது கிருமியைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைத் தணிப்பதற்காக. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, இரும்புச்சத்து மாத்திரையோடும் பாலோடும் சேர்க்கக் கூடாது. கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. இரவில், டெமோடெக்ஸைக் குறைக்கும் ஐவர்மெக்டின் 1% கிரீம். பகலில் துத்தநாக ஆக்சைடும் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடும் கலந்த சன்ஸ்கிரீன். முகத்துக்கு வாசனையில்லாத மென்மையான கிளென்சர் ஒன்று மட்டும். எலுமிச்சை, ஸ்கிரப், ஆவி மூன்றுக்கும் விடைகொடுத்தோம்.

கண் மருத்துவர் பார்த்தபோது கண்ணீர்ப் படலம் ஐந்து விநாடியில் உடைந்தது. பத்துக்கு மேல் தாங்குவதுதான் இயல்பு. இமைச் சுத்தமும் செயற்கைக் கண்ணீரும் எழுதினார். விழிவெண்படலம் (கருவிழியின் மேலுள்ள ஒளிபுகும் படலம், கார்னியா) பாதிக்கப்படவில்லை. கண் ரோசேசியாவைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் படலத்தில் தழும்பு விழுந்து பார்வை குறையலாம். வெளிச்சம் பார்த்தால் கூச்சம், வலி, மங்கல் என்று எது வந்தாலும் அன்றே வரச் சொன்னார்.

அடுப்பு? "கடைய விட்டுட்டு என்னங்க பண்றது" என்றார். அதைச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. கல்லுக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். நெரிசல் நேரத்தில் தோசையைக் கணவரும் சட்னி சாம்பார் பக்கத்தை இவரும் பார்ப்பது என்று மாறினார்கள். முகம் கொதிக்கத் தொடங்கும்போது வாயில் ஒரு ஐஸ் துண்டை அடக்கிக்கொள்வது பலருக்கு உதவுகிறது, இவருக்கும் உதவியது.

"காப்பிய விட்டரோணுங்களா?" என்று தயங்கிக் கேட்டார். வேண்டியதில்லை. 1981-இல் தோல் மருத்துவர் ஜோனதன் வில்கின் செய்த சோதனையில் 60 டிகிரி காபி முகத்தைக் கொதிக்கவைத்தது, 60 டிகிரி வெந்நீரும் கொதிக்கவைத்தது; ஆறிய காபியும் தனிக் கஃபீனும் ஒன்றும் செய்யவில்லை. குற்றவாளி சூடுதான். 82,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில் காபி அதிகம் குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே இருந்தது. நன்றாக ஆற்றிக் குடியுங்கள் என்றேன். டபராவை எதற்குக் கண்டுபிடித்தார்கள்!

இன்னொரு கவலையை மகன் கைபேசியிலிருந்து கொண்டுவந்தான்: புடைத்துத் தடித்த மூக்குப் படங்கள். "நாங்குடிக்கிறதும் இல்லீங்களே, எனக்கெதுக்குங்க இப்படி வரோணும்?" அந்த மூக்குக்கும் குடிக்கும் முடிச்சுப் போடுவது பழைய அவதூறு. குடித்தால் முகம் சிவக்கும், நோய் தூண்டப்படும். குடிக்காதவர்களுக்கும் மூக்கு தடிக்கும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 1490 வாக்கில் இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. பேரனை அணைத்தபடி ஒரு கிழவர், மூக்கெல்லாம் முண்டு முண்டாக. பேரன் அந்த மூக்கைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நிலை பெரும்பாலும் ஆண்களுக்கு, பல ஆண்டுகளில் வருவது. இவர் மூக்கில் அதற்கான தொடக்கம் இல்லை என்று விளக்கினோம்.

மூன்றாம் வாரம் எதிர்பார்த்தபடி முகம் கிளம்பியது. குளிர்ந்த துணி ஒற்றடத்தோடு தாக்குப்பிடித்தார். எட்டாம் வாரத்தில் புதிய கட்டி நின்றது, எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது, கண் உறுத்தலும் தணிந்தது. நான்காம் மாதம் புறங்கை வைத்தால் கன்னமும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சூடு. கரும்புள்ளிகள் மெதுவாகத்தான் வெளுக்கின்றன. டாக்சிசைக்ளின் நிறுத்தியாயிற்று, ஐவர்மெக்டின் தொடர்கிறது. மூக்கோரக் குழாய்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றைக் களிம்பு கரைக்காது. இந்த நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் ஓரளவு பாதுகாப்பானது என்று சொன்னேன், செலவையும் சொன்னேன். "அது இருந்துட்டுப் போகுதுங்க, எரியாம இருந்தாப் போதும்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு மட்டும் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறோம்.